டோல் கேட் கேள்விகள்: எந்தச் சாவடி, என்ன தேதி, ரசீது எங்கே?

இந்த முறை வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் வாளையாருக்கும் திருச்சூருக்கும் நடுவில் இருக்கும் சாவடிகளைப் பற்றியவை. வழக்கம்போலப் பலர் எந்தச் சாவடி, என்ன தேதி, எந்த வகை வண்டி என்று எழுதவில்லை. நான் மை போட்டுப் பார்க்கிறவன் இல்லை. 20 வருஷத்துக்கு மேல் சாலைக் கான்ட்ராக்டுகளில் அளவெடுத்துப் பில் போட்டவன், அவ்வளவுதான்.

கஞ்சிக்கோடு வாசகர்: சார், அரசாங்கம் ஹைவேயைத் தனியாருக்கு விற்றுவிட்டது என்கிறார்கள். கம்பெனிக்காரன் நினைத்தால் நாளைக்கு ரோட்டை மூடிவிட முடியுமா?

முடியாது. ரோட்டை யாரும் விற்கவில்லை, குறிப்பிட்ட வருஷத்துக்கு வசூலிக்கும் உரிமையைத்தான் கொடுத்திருக்கிறார்கள். பாலக்காட்டுச் சித்தூர்ப் பக்கம் கள் இறக்கத் தென்னையைக் கொடுக்கிறோமே, மரம் நம்முடையது, பானையில் விழுவது அவர்களுடையது, அது மாதிரி. பி.ஓ.டி. என்றால் கம்பெனியே காசு போட்டு ரோடு போட்டு, வசூலித்து, கெடு முடிந்ததும் திருப்பித் தர வேண்டும். ஹெச்.ஏ.எம். என்றால் கட்டும்போதே செலவில் 40 சதவீதத்தை அரசு கொடுத்துவிடும், மீதியைத் தவணையில் தரும், டோல் அரசுக்குப் போகும், கேட்டில் நிற்பவர் வசூலை ஏலத்தில் எடுத்த வேறு ஆள். மூன்றாவது டி.ஓ.டி., போட்டு முடித்த ரோட்டின் வசூலை மொத்தத் தொகைக்கு விடுவது. 2018-இல் ஆந்திராவிலும் குஜராத்திலும் 9 சாலைத்துண்டுகள், சுமார் 680 கி.மீ., 30 வருஷத்துக்கு ஏறக்குறைய 9,700 கோடிக்குப் போனது அப்படித்தான். அங்கேயும் நிலம் அரசுடையதுதான். சண்டைக்குப் போகும் முன் உங்கள் ரோடு இதில் எந்த வகை என்று தெரிந்துகொள்ளுங்கள், இல்லாவிட்டால் தப்பான ஆளிடம் கத்திவிட்டு வருவீர்கள்.

கொழிஞ்சாம்பாறை வாசகர்: அண்ணா, தினமும் கள் வண்டி ஓட்டுகிறேன், பிக்அப். காலையில் திருச்சூர்ப் பக்கம் போய் மதியம் திரும்புவேன். 2025-இல் 3,000 ரூபாய்க்கு வந்த வருஷப் பாஸ் எனக்குக் கிடைக்குமா?

கிடைக்காது. 2025 ஆகஸ்ட் 15-இல் வந்த அந்தப் பாஸ் சொந்த உபயோகக் கார், ஜீப், வேனுக்கு மட்டும். வருஷம் அல்லது 200 தடவை, எது முதலில் முடிகிறதோ அதுவரை. உங்களுக்கு உள்ளது மாதப் பாஸ். 50 ஒற்றைப் பயணத்துக்கான கட்டணத்தில் மூன்றில் இரண்டு பங்கு, அதாவது 33 பயணக் காசுக்கு 50 தடவை. பாஸ் இல்லாமல் 24 மணி நேரத்துக்குள் போய்த் திரும்பினால் ஒற்றைக் கட்டணத்தில் ஒன்றரை மடங்கு. ஆக, மாதம் 22 நாளுக்கு மேல் வண்டி ஓடினால் பாஸ் லாபம், அதற்குக் குறைவென்றால் வாங்காதீர்கள். மழைக்கால மாதத்தில் எத்தனை நாள் ஓடுகிறது என்று பழைய டிரிப் ஷீட்டைப் பார்த்துவிட்டு முடிவெடுங்கள். பாஸ் ஒரு சாவடிக்குத்தான் செல்லும், அடுத்த சாவடிக்கு வேறு பாஸ்.

ஆலத்தூர் வாசகர்: 60 கி.மீ.-க்கு ஒரு டோல்தான் இருக்க வேண்டும் என்று நெடுஞ்சாலை மந்திரியே சொன்னாரே, பன்னியங்கரைக்கும் பாலியக்கரைக்கும் நடுவில் அவ்வளவு தூரம் இல்லையே?

2022 மார்ச்சில் நாடாளுமன்றத்தில் சொன்னார், உண்மைதான். ஆனால் 2008 டோல் கட்டண விதியில் எழுதியிருப்பது “ஒரே சாலைத்துண்டில், ஒரே திசையில்” 60 கி.மீ. என்று. அதையும் காரணத்தை எழுதிவைத்துவிட்டுக் குறைக்கலாம் என்று அடுத்த வரியிலேயே கதவைத் திறந்து வைத்திருக்கிறார்கள். வாளையார்–வடக்கஞ்சேரி ஒரு துண்டு, வடக்கஞ்சேரி–மண்ணுத்தி இன்னொன்று (பன்னியங்கரை இதில்), மண்ணுத்தி–இடப்பள்ளி மூன்றாவது (பாலியக்கரை இதில்). போதாததற்கு, மூன்றாவதன் ஒப்பந்தம் 2006-இலேயே போட்டது, 2008 விதிக்கு முந்தையது. பேப்பர் கட்டிங்கைக் காட்டினால் கேட்டில் யாரும் கதவு திறக்க மாட்டார்கள்.

வேலந்தாவளம் வாசகி: கார் வீட்டு வாசலில் நிற்கிறது, ஆனால் எங்கோ ஒரு டோலில் காசு போனதாக மெசேஜ் வந்தது. திருட்டா?

பெரும்பாலும் இல்லை. ஃபாஸ்டேக் படிக்காத ஏதோ வண்டிக்குக் கையால் நம்பர் அடிக்கும்போது ஓர் எழுத்து தவறி உங்கள் நம்பர் விழுந்திருக்கும். நெடுஞ்சாலை உதவி எண் 1033-க்கும் டேக் கொடுத்த பேங்குக்கும் இரண்டு இடத்திலும் புகார் செய்யுங்கள், இப்படி ஒவ்வொரு தப்புக்கும் வசூல்காரருக்கு ஒரு லட்சம் ரூபாய் அபராதம் உண்டு. மெசேஜை அழிக்காதீர்கள்.

பெயர் போடாத வாசகர்: வரிசை 100 மீட்டர் தாண்டினால் டோல் ஃப்ரீ. இதைத் தெரிந்துகொண்டே நீங்கள் ஏன் எழுதுவதில்லை?

ஏனென்றால் இப்போது அது இல்லை. 2021-இல் தேசிய நெடுஞ்சாலை ஆணையம் அப்படி ஒரு வழிகாட்டு உத்தரவு போட்டது, பிறகு திரும்பப் பெற்றுவிட்டது. வாட்ஸ்அப்பில் அதற்கு இன்னும் சாவு வரவில்லை. நிஜமாகவே இருப்பது வேறு: உங்கள் டேக் சரியாக இருந்து, பணமும் இருந்து, அவர்களுடைய மெஷின் வேலை செய்யாவிட்டால் காசு கட்டாமல் போகலாம், பூஜ்ய ரூபாய் ரசீது தர வேண்டும். இது 2018-இலிருந்து விதி. ஆனால் முதலில் உங்கள் பேலன்ஸைப் பாருங்கள். டேக் காலியாக இருந்தால், 2025 நவம்பர் 15-இல் வந்த விதிப்படி ரொக்கத்துக்கு இரட்டிப்பு, யு.பி.ஐ. என்றால் ஒன்றேகால் மடங்கு.

வடக்கஞ்சேரி பக்கத்து வாசகர்: எங்கள் ஊர்ச் சாவடியில் வசூல் தொடங்கிய அன்று சர்வீஸ் ரோடு முடியவில்லை, வடிகாலுக்கு மூடி இல்லை, தெருவிளக்கு எரியவில்லை. அரைகுறை ரோட்டுக்கு முழு டோல் வாங்கச் சட்டம் விடுகிறதா?

விடுகிறது. இதை எழுதும்போதே எனக்கு ரத்தம் ஏறுகிறது, கொஞ்சம் நீளமாகவே சொல்கிறேன்.

பி.ஓ.டி. ஒப்பந்தங்களில் தற்காலிக நிறைவுச் சான்று என்று ஒன்று உண்டு. மொத்த நீளத்தில் முக்கால் பங்கு முடிந்து, வண்டி பாதுகாப்பாக ஓடலாம் என்று தனி இன்ஜினியர் கையெழுத்துப் போட்டால் வசூல் தொடங்கலாம். மிச்ச வேலைகளை ஒரு பட்டியலாகப் போட்டுச் சான்றோடு இணைப்பார்கள். அதற்குப் பெயர் பஞ்ச் லிஸ்ட். 90 நாளில் அதை முடிக்க வேண்டும் என்பது பேச்சு. யோசனையில் குற்றமில்லை, நாலு பஸ் ஷெல்டருக்காக 50 கி.மீ. ரோட்டைப் பூட்டி வைக்க முடியாதுதான். ஆனால் பட்டியலுக்குள் எதைத் தள்ளுகிறார்கள் என்று பாருங்கள். மெயின் ரோட்டில் வேகமாகப் போகிறவனுக்கு வேண்டியதெல்லாம் முடிந்திருக்கும். ஓரத்தில் நடக்கிறவன், சைக்கிளில் பால் கொண்டுபோகிறவன், பள்ளிக்கூடப் பிள்ளை, இவர்களுக்கு வேண்டியதெல்லாம் பட்டியலில் இருக்கும். சர்வீஸ் ரோடு, நடைமேடை, வடிகால் மூடி, விளக்கு. டோல் கட்டுகிறவனுக்கு முதலில், நிலம் கொடுத்தவனுக்குக் கடைசியில்.

நான் வேலை பார்த்த ஒரு ரோட்டில் (பெயர் வேண்டாம், இந்தப் பக்கமும் இல்லை) ஒவ்வொரு மாதமும் அந்தப் பட்டியலை டைப் அடிப்பது என் வேலை. வரிசை எண் 14, பஸ் ஷெல்டர், “வேலை நடைபெறுகிறது”. அந்த இடத்தில் இருந்தது கான்கிரீட் அடித்தளமும், அதிலிருந்து நீட்டிக்கொண்டிருந்த நாலு கம்பியும். முதல் மாதம் கம்பி கறுப்பு, மழை முடிந்ததும் சிவப்பு, அப்புறம் யாரோ ஒரு புண்ணியவான் ஆட்டைக் கட்ட ஆரம்பித்துவிட்டார். இரண்டு வருஷம் “நடைபெறுகிறது” என்றுதான் டைப் அடித்தேன். கையெழுத்துப் போட்ட இன்ஜினியர் வேறு வேலைக்குப் போய்விட்டார், வந்த புதியவருக்கு அந்த ஆடு எதற்கு அங்கே நிற்கிறது என்றே தெரியாது. வசூல் மட்டும் ஒரு நாள்கூட நிற்கவில்லை. தாமதத்துக்கு அபராதம் உண்டு, இல்லை என்று சொல்லவில்லை, ஆனால் ஒரு நாள் வசூலுக்கு முன்னால் அந்த அபராதம் கொசுக்கடி.

அதனால் கேட்டில் நிற்கும் பையனிடம் சண்டை போடாதீர்கள் என்று திரும்பத் திரும்பச் சொல்கிறேன். அவன் சம்பளத்துக்கு நிற்கிறவன். தகவல் உரிமைச் சட்டத்தில் தேசிய நெடுஞ்சாலை ஆணையத்துக்கு மனுப் போட்டு இரண்டு காகிதம் கேளுங்கள்: தற்காலிக நிறைவுச் சான்று, இணைப்பிலுள்ள பஞ்ச் லிஸ்ட். தேதியோடு கேளுங்கள். கையில் அந்தப் பட்டியல் இருந்தால் உங்கள் வாசல் வடிகால் எத்தனையாவது வரிசை என்று காட்டிப் பேசலாம், வெறும் வாயால் “அரைகுறை” என்றால் “சார், வேலை நடக்கிறது” என்று டீ வாங்கிக் கொடுத்து அனுப்பிவிடுவார்கள்.

கோர்ட் கை வைக்காது என்று நினைக்க வேண்டாம். பாலியக்கரையில் 2025 ஆகஸ்ட் 6-ஆம் தேதி கேரள உயர் நீதிமன்றம் வசூலை நிறுத்தியது. ஆம்பல்லூர், முரிங்ஙூர் பக்கம் அண்டர்பாஸ் வேலையால் வண்டி நகரவில்லை. அந்த வேலை எங்களுடையது இல்லை, வேறு கான்ட்ராக்டருடையது என்று வசூல்காரர்கள் சொன்னார்கள், சுப்ரீம் கோர்ட் வரைக்கும் போயும் எடுபடவில்லை. 65 கி.மீ.-க்கு 12 மணி நேரம் ஆகும் ரோட்டுக்கு 150 ரூபாய் எதற்கு என்று அங்கே கேட்டார்கள். அக்டோபர் 17 வரை கேட் திறந்தே கிடந்தது. இரண்டு மாதத்துக்கு மேல்!

கொடுவாயூர் வாசகர்: பாலியக்கரையில் போட்ட காசுக்கு இரண்டு மடங்கு எடுத்தாகிவிட்டது, இன்னும் எதற்கு வசூல்?

ரோட்டுக்கு ஆனது 720 கோடிக்குப் பக்கம், எடுத்தது 1,500 கோடியைத் தாண்டிவிட்டது, கணக்கு சரி. ஆனால் அந்த ஒப்பந்தம் வருஷத்துக்குப் போட்டது, ரூபாய்க்கு அல்ல, கெடு 2028 வரை. வட்டி, பராமரிப்பு எல்லாம் அதில் வரும் என்பது அவர்கள் வாதம். ரூபாய்க்குப் போட்டால் நல்லது என்று நினைக்கிறீர்களா? டெல்லி–நொய்டா பாலத்தில் அதைத்தான் செய்தார்கள். வருஷத்துக்கு 20 சதவீத லாபம், குறைந்தால் குறைந்ததை அசலோடு சேர்த்துக்கொள்ளலாம் என்று எழுதியதில், 400 கோடிப் பாலத்துக்கு வர வேண்டிய பாக்கி வசூலிக்க வசூலிக்க ஏறிக்கொண்டே போனது. 2016-இல் அலகாபாத் உயர் நீதிமன்றம் நிறுத்தியது, 2024 டிசம்பரில் சுப்ரீம் கோர்ட்டும் ஆமோதித்தது. இன்னொன்று, கெடு முடிந்தால் டோல் போய்விடும் என்று மனக்கோட்டை கட்டாதீர்கள். அரசே தொடர்ந்து வசூலிக்கலாம். முன்பு அந்தக் கட்டத்தில் 40 சதவீதமாகக் குறைய வேண்டும் என்றிருந்தது, 2023 திருத்தத்துக்குப் பிறகு முழுக் கட்டணமே வாங்கலாம்.

வாளையார் வாசகர்: சாவடிக்கு 5 கி.மீ.-க்குள் வீடு. உள்ளூர்க்காரனுக்கு இலவசம்தானே?

விதிப்படி இலவசம் இல்லை, சலுகைப் பாஸ். 20 கி.மீ.-க்குள் குடியிருப்பவரின் சொந்த உபயோக வண்டிக்கு மாதம் 350 ரூபாய்க்குப் பக்கம். சில சாவடிகளில் போராட்டத்துக்குப் பிறகு சும்மா விடுகிறார்கள், அது ஏற்பாடு, உரிமை இல்லை. ஆர்.சி. புத்தகத்தில் பழைய கோயம்புத்தூர் விலாசம் இருந்தால் அதை முதலில் மாற்றுங்கள்.

சித்தூர் வாசகர்: வாளையார் செக்போஸ்டில் வாங்கும் டோலை எப்போது எடுப்பார்கள்?

செக்போஸ்ட் வேறு, டோல் வேறு. வரி செக்போஸ்ட் 2017 ஜூலையில் ஜி.எஸ்.டி. வந்ததும் போய்விட்டது. நீங்கள் காசு கட்டுவது பாம்பாம்பள்ளம் சாவடியில்.

நெம்மாறை வாசகர்: கொழிஞ்சாம்பாறை, கொல்லங்கோடு வழியாக வடக்கஞ்சேரி வந்தால் ஒரு டோல் மிச்சம்தானே?

மிச்சம். வேகத்தடைகளை எண்ணிக்கொண்டே வாருங்கள், பொழுது போகும்.

தத்தமங்கலம் வாசகர்: புகார்ப் புத்தகம் கேட்டேன், இல்லை என்றார்கள்.

பி.ஓ.டி. சாவடிகளில் 24 மணி நேரமும் பொதுமக்களுக்குத் திறந்திருக்க வேண்டிய பதிவேடு அது, எழுதினால் எண் போட்டு ரசீது தர வேண்டும். இல்லை என்றால் சாவடிக்குப் பக்கத்திலேயே வண்டியை ஓரம் கட்டி 1033-க்குப் போன் செய்து, “பதிவேடு தர மறுத்தார்கள்” என்பதையே புகாராகச் சொல்லிப் புகார் எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள். எந்தச் சாவடி என்று எனக்கு எழுதவில்லை, அவர்களுக்காவது சொல்லுங்கள்.