எரிகல் ஒன்று பெரும் வெளிச்சத்தோடு விழுவதை நேரில் பார்த்ததுண்டா?

ஒரே ஒரு முறை. அதையும் முதலில் பார்த்தது மொட்டைமாடித் தரையில்தான்.

பெங்களூரு அல்சூரில் குடியிருக்கிறோம். சில வருடங்களுக்கு முன், டிசம்பர் 14, விடியற்காலை நாலே முக்கால். தொட்டி நிரம்பி வழியும் சத்தம் கேட்டு மாடிக்கு ஓடினேன். குழாயைத் திருகும்போது கொடிக்கயிற்றின் நிழல் தரையில் பளிச்சென்று விழுந்து, அப்படியே திரும்பியது. நிலா இல்லாத வானத்தில் நிழல் ஏது? நிமிர்ந்தால், தென்கிழக்கில் பச்சையும் வெள்ளையுமாக ஒரு பிழம்பு சரிந்து, எதிர்வீட்டுத் தென்னை உச்சியில் அணைந்தது. இரண்டு விநாடி, மிஞ்சினால் மூன்று.

எரிநட்சத்திரம் கண்டால் உடனே பச்சை மரத்தைப் பார்க்க வேண்டும், இல்லாவிட்டால் படித்தது மறந்துவிடும் என்பார் பாட்டி. நல்லவேளை, தென்னை எதிரிலேயே இருந்தது.

கீழே காவலுக்கு இருந்த அண்ணன் தெருவுக்கு ஓடிவந்து, "ஏரியில் விழுந்துவிட்டது அம்மா!" என்றார். எனக்கும் அப்படித்தான் பட்டது. சத்தத்துக்குக் காத்திருந்தேன். வரவில்லை.

காபி போட்டுக்கொண்டே கணக்குப் போட்டேன். அது ஜெமினிட் எரிகல் பொழிவின் உச்ச நாள். ஃபைத்தான் என்ற சிறுகோள் உதிர்த்த துகள்கள் விநாடிக்கு 35 கி.மீ. வேகத்தில் காற்றில் உரசி எரியும். எரிந்த உயரம் 80 கி.மீ. என்றும், அணைந்த இடம் அடிவானுக்கு 30 பாகை மேலே என்றும் வைத்தால், எனக்கும் அதற்கும் 160 கி.மீ. இடைவெளி! ஓசை கிளம்பியிருந்தாலும் வந்து சேர எட்டு நிமிடமாவது ஆகும். வானத்தில் பக்கத்தில் வைத்து அளந்துபார்க்க வீடோ மரமோ இல்லை. வெளிச்சம் பெரிதாக இருந்தால் அருகில் என்றே கண் நம்பிவிடுகிறது.

நிதானமாக, துண்டு துண்டாக, ஒரு நிமிடம்வரை வானத்தைக் கடந்து போனால் அது பெரும்பாலும் எரிகல்லாக இருக்காது. 2022 ஏப்ரல் 2 இரவு மகாராஷ்டிரத்தில் பலர் பார்த்தது சீன ராக்கெட்டின் பாகம். சந்திரபூர் மாவட்டத்தில் உலோக வளையமே கிடைத்தது.

கணக்கைக் காவலாளி அண்ணனிடம் சொன்னேன். "ஏரியில் இல்லை அண்ணா, உங்கள் தர்மபுரிப் பக்கம்." உடனே வீட்டுக்குப் பேசினார். வாசல் தெளித்துக்கொண்டிருந்த அவர் மனைவியும் பார்த்திருக்கிறார். பக்கத்து ஊர் மலையில் விழுந்துவிட்டதாம்.