கடற்பாசியில் கவர் செய்யலாமா?

கேள்வி: தங்கச்சிமடத்தில் நாங்கள் பத்துப் பெண்கள் குழுவாகத் தெப்பம் போட்டுக் கப்பாபைகஸ் பாசி வளர்க்கிறோம். பிளாஸ்டிக் கவருக்குப் பதிலாகப் பாசியிலேயே கவர் செய்யலாம் என்கிறார்கள். வீட்டில் செய்து விற்க முடியுமா?

பதில்: செய்து பார்க்கலாம் சகோதரி, விற்கும் அளவுக்கு வீட்டில் வராது. உங்கள் பாசியில் கராஜீனன் என்ற பசைப்பொருள் இருக்கிறது. ஐஸ்கிரீமிலும் பற்பசையிலும் சேர்க்கிறார்களே, அதுதான். ஒரு லிட்டர் தண்ணீரில் 20 கிராம் கராஜீனன் தூளைக் கொதிக்கவிட்டுக் கரைத்து, 10 கிராம் கிளிசரின் விட்டு, எவர்சில்வர் தட்டில் மெல்லிசாக ஊற்றி நிழலில் வையுங்கள். இரண்டொரு நாளில் கண்ணாடித்தாள் போல உரிந்து வரும். கிளிசரின் விடாவிட்டால் அப்பளமாக நொறுங்கும். இந்தத் தாள் எண்ணெயைத் தாங்கும், ஈரத்தைத் தாங்காது. மீனைப் போட்டால் கொழகொழவென்று ஆகிவிடும். காய்ந்த மசாலாப் பொட்டலத்துக்குச் சரி.

பாசியிலிருந்து அந்தத் தூளை எடுக்கப் பொட்டாசியம் ஹைட்ராக்சைடு காரத்தில் சூடாக்கி அலச வேண்டும். கையைப் புண்ணாக்கும் காரம் அது. அந்த வேலை ஆலைக்கு இருக்கட்டும்.

உங்கள் கையில் இருப்பது பாசியின் தரம். அங்கேதான் நம் பக்கம் கோட்டை விடுகிறோம். சமீபத்தில் ஒரு மூட்டையைப் பிரித்துப் பார்த்தேன்: அடியில் மணல், கொத்துக்குக் கொத்து, விதைப்பாசியைத் தெப்பத்தில் கட்டிய நைலான் முடிச்சு. பிளாஸ்டிக்குக்கு மாற்றாகப் போகவேண்டிய சரக்கில் பிளாஸ்டிக் கிடந்ததைப் பார்த்து மனசு பொறுக்கவில்லை. 45 நாளில் அறுத்ததும் முதல் வேலையாக அந்த முடிச்சுகளை எடுத்துத் தனிச் சாக்கில் போடுங்கள். மணலில் காயப்போடாமல் வலை விரித்துக் காயப்போடுங்கள். நல்ல தண்ணீரில் அலச வேண்டாம், மழையும் படக்கூடாது, பசை வீணாகும். ஈரத்தோடு குவித்து வைத்தாலும் சூடேறிப் பசையின் வலு குறையும். பக்குவமாகக் காய்ந்த பாசி ரப்பர் மாதிரி வளையும், மேலே உப்பு வெள்ளையாகப் பூத்திருக்கும். 10 கிலோ பச்சைப் பாசிக்குக் கிட்டத்தட்ட 1 கிலோதான் தேறும் என்பதால் ஒவ்வொரு கிலோவும் சுத்தமாக இருக்க வேண்டும்.

அப்புறம், பச்சைப் பாசியைப் பிழிந்தால் வரும் சாறு பயிருக்குத் தெளிக்கும் வளர்ச்சி ஊக்கி. மிஞ்சும் சக்கையிலிருந்து கராஜீனனும் எடுக்கலாம், ஒரே பாசிக்கு இரண்டு வரும்படி. இந்த முறையைக் கொண்டுவந்தது பாவ்நகரில் உள்ள மத்திய உப்பு மற்றும் கடல்சார் வேதியியல் ஆராய்ச்சி நிலையம். அவர்களுடைய பாசி ஆராய்ச்சிப் பிரிவு உங்களுக்குப் பக்கத்தில் மண்டபத்திலேயே இருக்கிறது. குழுவாகப் போய்ப் பேசுங்கள், தனியாகப் போவதைவிட அதற்கு மதிப்பு அதிகம்.

ஒன்று மட்டும் கட்டாயம். அறுந்த துண்டுகளைக் கடலில் விடாதீர்கள். குருசடைத் தீவுப் பக்கம் இந்தப் பாசி பவளப்பாறை மேல் படர்ந்து பவளத்தை மூடியிருக்கிறது. உதிர்ந்ததையும் கரைக்குக் கொண்டுவந்து காயப்போடுங்கள், அதுவும் உங்கள் எடைதான்.