எழுத்துருவுக்குள் நான்கு எழுத்து

கேள்வி: ஐயா, என் கணினியில் ஒரே பெயரில் இரண்டு எழுத்துருக்கள் உள்ளன. கோப்பின் பெயரை வைத்து எது யாருடையது என்று சொல்ல முடியுமா?

பதில்: கோப்பின் பெயரை நம்பாதீர்கள், அதை யாரும் மாற்றலாம். எழுத்துருவின் பெயர் 'பிடி' என்று முடிந்தால் பிட்ஸ்ட்ரீம், 'எம்டி' என்றால் மோனோடைப், 'எல்டி' என்றால் லினோடைப் என்ற எழுத்துரு நிறுவனத்துடையது. இதுவும் வெறும் வழக்கம்தான்.

ட்ரூடைப், ஓப்பன்டைப் என்னும் எழுத்துருக் கோப்பு வகைகளுக்குள் 'ஓஎஸ்/2' என்றொரு அட்டவணை உண்டு. அதில் வழங்குநர் குறியீடு நான்கே எழுத்தில் இருக்கும். அடோபிக்கு ஏ-டி-பி-ஈ. மைக்ரோசாஃப்டுக்கு எம்-எஸ், பிறகு இரண்டு வெற்றிடம். நான்கு இடமும் நிரம்பியாக வேண்டும் அல்லவா! குறியீடுகளைப் பதிந்து பட்டியல் வைத்திருப்பதும் மைக்ரோசாஃப்ட்தான். எழுத்துரு உருவாக்கும் ஃபாண்ட்ஃபோர்ஜ் மென்பொருளில் கோப்பைத் திறந்து, எழுத்துரு விவரத்தில் 'ஓஎஸ்/2' பகுதிக்குப் போனால் கண்ணில் படும்.

நான் பக்கம் வடிவமைத்த ஒரு புத்தகத்தில், 12ஆம் பக்கத்தில் முடியவேண்டிய அத்தியாயம் அச்சகத்தில் 13க்கு ஓடிவிட்டது. என்னிடமும் அவர்களிடமும் எழுத்துருவின் பெயர் ஒன்றுதான். அரை நாள் தேடினேன். கடைசியில் இரண்டு கோப்புகளையும் திறந்தால் குறியீடு வேறு வேறு! எழுத்தின் அகலமும் இடைவெளியும் மயிரிழை மாறியிருந்தன. அன்றிலிருந்து வேலை தொடங்கும் முன்பே குறியீட்டைக் குறித்துக்கொள்கிறேன். நீங்களும் அப்படியே செய்யுங்கள்.

ஒன்று முக்கியம். இந்தக் குறியீடு விற்று விநியோகிப்பவரைத்தான் சொல்லும், எழுத்தை வரைந்தவரை அல்ல. ஒரே எழுத்துருவை ஆறு பேர் விற்கலாம். வரைந்தவர் பெயர் வேண்டுமென்றால் அதே கோப்பிலுள்ள 'நேம்' அட்டவணையில் 9ஆம் எண்ணைப் பாருங்கள். தயாரித்தவர் 8இல், பதிப்புரிமை 0இல்.

அப்புறம், குறியீடு 'பி-எஃப்-ஈ-டி' என்று இருந்தால் அது எந்த நிறுவனமும் இல்லை. ஃபாண்ட்ஃபோர்ஜுக்கு முன்பு பிஎஃப்ஏஎடிட் என்று பெயர். அந்த நினைவில் அது தானாக இடும் குறியீடு. மாதக்கணக்கில் உட்கார்ந்து வரைந்த எழுத்துருவை இப்படி முகவரியில்லாமல் வெளியிடுகிறார்களே என்று எனக்கு உண்மையிலேயே வருத்தம். நீங்கள் சொந்தமாக எழுத்துரு செய்தால், தயவுசெய்து உங்களுக்கென்று ஒரு குறியீட்டைப் பதிந்து அதை இடுங்கள்.