பருந்து ஸ்டிக்கர் ஒட்டியும் பறவைகள் கண்ணாடியில் மோதுகின்றனவே, ஏன்?

கேள்வி: கோத்தகிரி பக்கம் ஹோம்ஸ்டே நடத்துகிறோம். சோலைக்காடு தெரியட்டும் என்று கூடத்தின் ஒரு பக்கம் முழுக்கக் கண்ணாடி போட்டோம். செப்டம்பர் முடிந்ததிலிருந்து பறவைகள் வந்து மோதுகின்றன. மரகதப்புறா ஒன்று செத்தே போனது. பருந்து ஸ்டிக்கர் ஒட்டியும் பலனில்லை. போதாக்குறைக்கு ஒரு சின்னான் (புல்புல் பறவை) தினமும் காலையில் வந்து படுக்கையறை ஜன்னலைக் கொத்துகிறது. விருந்தினர்கள் படம் எடுக்கப் பழத்தட்டும் வைத்திருக்கிறோம். என்ன செய்யலாம்?

பதில்: நீங்கள் சொல்வது இரண்டு தனித்தனிப் பிரச்சினை. சின்னானுடையது சின்ன விஷயம், அதற்குப் பிறகு வருகிறேன்.

காலை ஏழு மணிக்கு வெளியே போய், சோலைக்கு முதுகு காட்டி நின்று உங்கள் கண்ணாடியைப் பாருங்கள். வீடு தெரியாது; மரமும் வானமும்தான் தெரியும். பறவையும் அதைத்தான் பார்க்கிறது. கண்ணாடி என்று ஒரு பொருள் இருப்பது அதற்குத் தெரியவே தெரியாது. மேலும், பெரும்பாலான பறவைகளுக்குக் கண்கள் தலையின் இரு பக்கமும் இருக்கின்றன. பக்கவாட்டில் பிரமாதமாகத் தெரியும். இரு கண்ணும் சேர்ந்து நேர் முன்னே பார்க்கும் பரப்பு குறுகலானது. எதிரே வழி இருக்கிறது என்ற நம்பிக்கையில்தான் பறக்கின்றன. மரகதப்புறா இதில் அதிகம் மாட்டும். தரையை ஒட்டி, மரங்களுக்கிடையே அம்பு மாதிரி போகிற பறவை அது. சிங்கப்பூரிலும் கட்டடங்களில் மோதிச் சாகும் பறவைகளில் அது முக்கியமானது. மோதிய இடத்தைச் சாய்வாகப் பார்த்தால் விரித்த சிறகின் வடிவில் வெண்தூள் தடம் இருக்கும். புறாக்களின் மெல்லிறகிலிருந்து உதிரும் தூள் அது. எந்தக் கண்ணாடியை முதலில் கவனிக்க வேண்டும் என்பதற்கு அந்தத் தடமே சாட்சி.

பருந்து ஸ்டிக்கர் ஏன் உதவவில்லை? அசையாத பருந்துக்கு எந்தப் பறவையும் பயப்படாது. அது ஒட்டியிருக்கும் ஒரு சாண் இடத்தை விட்டுவிட்டுப் பக்கத்தில் மோதும், அவ்வளவுதான். அமெரிக்காவில் பறவையியலாளர் டேனியல் கிளெம் 1970களிலிருந்து இதையே ஆராய்ந்து வருகிறார். அங்கே ஆண்டுக்கு 36.5 கோடி முதல் 98.8 கோடிப் பறவைகள் வரை கட்டடங்களில் மோதிச் சாகலாம் என்று 2014இல் வெளியான ஒரு கணக்கு சொல்கிறது. இந்த ஆய்வுகளிலிருந்து நமக்கு வேண்டியது இரண்டே விஷயம்: அடையாளங்கள் கண்ணாடி முழுக்க நெருக்கமாக இருக்க வேண்டும், வெளிப்புறத்தில் இருக்க வேண்டும். புள்ளிக்குப் புள்ளி 5 செ.மீ. இடைவெளி போதும். உள்ளே ஒட்டினால் வெளியில் விழும் பிரதிபலிப்பு அதை மறைத்துவிடும்.

மலிவான வழி, கூரை விளிம்பிலிருந்து நைலான் கயிறுகளை 10 செ.மீ.க்கு ஒன்றாகத் தொங்கவிடுவது. காற்றில் ஆடினால் நல்லதே. ராத்திரி தட்டுகிற சத்தம் கேட்டால் கீழ் முனையையும் கட்டிவிடுங்கள். கண்ணாடிக்கு வெளியே சற்றுத் தள்ளி இழுத்துக் கட்டிய வலையும் சரி. காட்சி கெடுமே என்று யோசிப்பீர்கள். உள்ளே சோபாவில் உட்கார்ந்து தூரத்து மலையைப் பார்க்கிறவர் கண்ணுக்குக் கயிறு கொஞ்ச நேரத்தில் மறைந்துவிடும். நமக்குத் தெரியாமல் பறவைக்கு மட்டும் தெரியும் என்று விற்கும் புற ஊதா ஸ்டிக்கர்களுக்கு நான் காசு செலவழிக்க மாட்டேன். பல சிறு பறவைகளுக்குப் புற ஊதா ஒளி தெரியும், உண்மைதான். ஆனால் புறா இனத்துக்கு அந்தத் திறன் அவற்றைவிடக் குறைவு. உங்களிடம் செத்தது புறா.

பழத்தட்டு? கண்ணாடியிலிருந்து ஒரு மீட்டருக்குள் வைத்தால், கிளம்பும் பறவைக்கு வேகம் பிடிக்க இடமிருக்காது; மோதினாலும் பெரிய அடி படாது. நாலைந்து மீட்டர் தள்ளி வைப்பதுதான் ஆபத்து. என்னைக் கேட்டால் தட்டே வேண்டாம். கோத்தகிரியில் பழம் வைத்தால் பறவைக்கு முன்னால் குரங்கு வரும், அப்புறம் கரடியும் வரலாம்.

செப்டம்பர், அக்டோபரில் ஆறுமணிக்குருவி போன்ற வலசைப் பறவைகள் இரவில் வந்து இறங்கும். களைத்துப்போய் விளக்கு வெளிச்சத்தைப் பார்த்து வீட்டுக்குள்ளேயே வந்துவிடுவதும் உண்டு. அந்த மாதங்களில் கூடத்து விளக்கைச் சீக்கிரம் அணைத்துவிடுங்கள்.

சரி, சின்னான். அது மோதவில்லை, சண்டை போடுகிறது. கண்ணாடியில் தெரியும் தன் உருவத்தைத் தன் எல்லைக்குள் நுழைந்த வேறொரு சின்னான் என்று நினைக்கிறது. அந்த ஜன்னலின் வெளிப்பக்கம் சோப்பைத் தேய்த்து மங்கலாக்கினால் எதிரி காணாமல் போவான். மழையில் கரைந்தால் மறுபடி தேய்க்க வேண்டியிருக்கும். கூடு கட்டும் காலம் முடிந்தால் தானே விட்டுவிடும்.

மோதி விழுந்த பறவைக்கு வாயில் தண்ணீர் ஊற்றாதீர்கள், மூச்சுக்குழலுக்குள் போய்விடும். காற்றுத் துளையிட்ட அட்டைப் பெட்டியில் துணி விரித்து, மூடி, இருட்டான அமைதியான இடத்தில் வையுங்கள். ஒரு மணி நேரம் கழித்து வெளியே கொண்டுபோய்த் திறந்தால் பெரும்பாலும் பறந்துவிடும். இரண்டு மூன்று மணி நேரமாகியும் எழவில்லை, அல்லது சிறகு தொங்குகிறது என்றால் வனத்துறைக்குச் சொல்லுங்கள். பாவம் என்று வீட்டில் வைத்து வளர்க்க 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் இடம் தராது.