கேலிக் கால்பந்தின் கீழ்ப்பிரிவு இறுதியாட்டங்களுக்குக் குரோக் பார்க் தேவையா?

கையாலும் காலாலும் பந்தாடும் அயர்லாந்தின் மரபு விளையாட்டான கேலிக் கால்பந்தின் (Gaelic football) தேசிய லீக்கில், கவுண்டி எனப்படும் மாவட்டங்களின் அணிகள் நான்கு பிரிவுகளாக ஆடுகின்றன. கடைசி இரண்டையே கீழ்ப்பிரிவுகள் என்கிறோம். அவற்றின் இறுதியாட்டங்கள் டப்ளினில் 82,300 பேர் கொள்ளும் தலைமை அரங்கமான குரோக் பார்க்கில் நடக்கும்போது, ஆயிரம் பேர் உண்ணும் கல்யாண மண்டபத்தில் ஐம்பது இலை போட்டதுபோல இருக்கைகள் காலியாகவே கிடக்கும். 2024இல் நான்காம் பிரிவு இறுதியில் ஆடிய லெய்ட்ரிமில் வசிப்போரே சுமார் 35,000 பேர்தான். கவுண்டி முழுவதும் திரண்டு வந்தாலும் பாதி அரங்கம் நிறையாது. ஆயினும், ஊதியமின்றி ஆடி, வேலை முடிந்த பின் மாலையில் பயிற்சிக்கு வரும் அவ்வீரர்களுக்கு அந்தப் புல்தரையில் கால் வைக்கும் நாள் அரிதாகவே வாய்க்கும் என்பதால், காலி இருக்கைகளைப் பொறுத்துக்கொள்ளலாம் என்றே கருதுகிறேன்.

இறுதியாட்டத்தில் வென்றால்தான் மேற்பிரிவுக்கு உயரலாம் எனப் பலர் எண்ணுவது தவறு: பட்டியலின் முதலிரண்டு அணிகளும் முன்பே உயர்வு பெற்றுவிடுவதால், அங்கே எஞ்சியிருப்பது கோப்பை மட்டுமே.