பேட் பிரெயின்ஸ் முதல் ஆல்பம்: அந்த "1982 வினைல்" குறித்து

வணக்கம். பங்க் எனும் வேகமான, ஆவேசமான ராக் இசைக்குப் பெயர்பெற்ற அமெரிக்கக் குழுவான பேட் பிரெயின்ஸின் முதல் ஆல்பத்தை "1982-ஆம் ஆண்டு முதல் பதிப்பு வினைல்" (இசைத்தட்டு) என்று சொல்லி ஒருவர் பெருவிலைக்கு விற்பதாகவும், இடையிடையே ரெகே எனும் ஜமைக்கா பாணிப் பாடல்கள் வருவதால் வேறு தட்டு மாறியிருக்குமோ என்றும் கேட்டிருந்தீர்கள்.

அந்த விலைக்கு வாங்க வேண்டாம். நியூயார்க்கின் ரோயர் நிறுவனம் அக்காலத்தில் கேசட்டுகளையே வெளியிட்டுவந்தது. 1982 பிப்ரவரியில் இந்த ஆல்பமும் கேசட்டாக மட்டுமே வந்தது. அமெரிக்க நாடாளுமன்றக் கட்டடத்தின் குவிமாடத்தை மின்னல் பிளக்கும் அந்த அட்டைப்படத்தைப் பெரிய அளவில் பார்க்க யாருக்கும் ஆசை வரும்தான், ஆனால் வினைல் பின்னர் வந்த மறுவெளியீடே. உறையில் 1982 என்றிருப்பது உரிமை ஆண்டாக இருக்கலாம். தட்டு அச்சான ஆண்டுக்கு அது சான்றாகாது.

ரெகே பற்றிக் கவலை வேண்டாம், தட்டு மாறவில்லை. வாஷிங்டனில் ஜாஸ் ஃபியூஷன் (ஜாஸும் ராக்கும் கலந்த இசை) வாசித்துத் தொடங்கிய இந்தக் கறுப்பின இளைஞர்கள், பங்க் இசைக்கு வந்தபின் ரெகே இசையோடு பிணைந்த ஜமைக்காவின் ராஸ்தஃபாரி சமய நெறியையும் ஏற்றார்கள். ஆகவே ஒன்றரை நிமிடத்தில் சீறி முடியும் பாடல்களுக்கு நடுவே "லீவிங் பாபிலோன்" போன்ற நிதானமான பாடல்களும் மூல வரிசையிலேயே உள்ளன. என் காதுக்கு, அந்த இடைவெளிகள் இல்லாவிட்டால் வேகமே உறைத்திராது.

வெறுமனே கேட்பதற்கென்றால், மறுவெளியீட்டுக்குரிய சாதாரண விலை பேசி அதே தட்டைத் தாராளமாக வாங்கலாம்.