பரிசு பெருசா, கண்டிஷன் பொடியா

கேள்வி: அண்ணே, மேலூர்ல இருந்து எழுதறேன். ஐபிஎல் டிக்கெட் பரிசுன்னு போட்டிருந்த கூல்டிரிங்ஸ்ஸ பையன் அடம்பிடிச்சு பதினோரு பாட்டில் வாங்க வச்சான், சேப்பாக்கம் ஸ்டேடியத்த அவன் டிவியில தான் பார்த்திருக்கான். மூடிக்குள்ள இருந்த கோட் நம்பர அடிச்சா பேரு, போன் நம்பர் எல்லாம் வாங்கிட்டு, கடைசில பின்கோடு போட்ட உடனே 'தமிழ்நாட்டுக்குப் பொருந்தாது'ன்னு வருது. சென்னைல நடக்குற மேட்ச்சுக்கு தமிழ்நாட்டுக்காரனுக்கு தகுதி இல்லையா? இது என்ன நியாயம்?

பதில்: தம்பி, உங்க கோவம் நியாயம். ஆனா கோவம் போக வேண்டிய இடம் வேற. நம்மள வெளிய வைக்கணும்னு கம்பெனி ஆசைப்பட்டு போட்ட ரூல் இல்ல இது. தமிழ்நாட்டுல 1979லயே பரிசுத் திட்டத் தடைச் சட்டம் வந்திருச்சு. பொருள் வாங்குனவங்கள்ல இருந்து குலுக்கல்லயோ வேற எந்த வழியிலயோ ஆள் எடுத்து பரிசு குடுக்குறது இங்க குத்தம், அதனால தான் நாடு பூரா நடக்குற இந்த மாதிரி ஆஃபர்ல எல்லாம் தமிழ்நாடு நீங்கலான்னு ஒரு வரி இருக்கும். அந்தச் சட்டம் வேணும்னு தான் நான் சொல்லுவேன், ஏன்னா தாகத்துக்கு ஒரு பாட்டில் வாங்குற வீடு டிக்கெட்டுக்காக பதினொண்ணு வாங்குறத தடுக்கத் தானே அது இருக்கு.

தப்பு எங்க இருக்குன்னா, நீங்க அனுப்புன லேபிள் போட்டோவ பெருசாக்கிப் பார்த்தேன், முன்னாடி பேட்ஸ்மேன் படம், 'மேட்ச் டிக்கெட் வெல்லுங்க'ன்னு கட்டைவிரல் அகலத்துக்கு தமிழ் எழுத்து. தமிழ்நாட்டுக்கு இல்லைங்கிற வரி பின்னாடி, எக்ஸ்பைரி தேதிக்குப் பக்கத்துல, இங்கிலீஷ்ல, லேபிள ஒட்டுன மடிப்புல பாதி எழுத்து உள்ள போயிருச்சு. ஆசையைத் தமிழ்ல காட்டிட்டு கண்டிஷன இங்கிலீஷ்ல ஒளிச்சு வைக்கிறது அநியாயம் தான். இத நானா சொல்லல, தவறான விளம்பரங்கள தடுக்க மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2022 ஜூன்ல போட்ட வழிகாட்டுதல்லயே இருக்கு, விளம்பரம் எந்த மொழியில இருக்கோ அதே மொழியில, அதே எழுத்துருல கண்டிஷனும் இருக்கணும், பாக்கெட்டுல கண்ணுல படுற இடத்துல, முடிஞ்சவரைக்கும் அதே பக்கத்துலயே இருக்கணும்னு.

தேசிய நுகர்வோர் உதவி நம்பர் 1915க்கு போன் பண்ணி புகார் பதிவு பண்ணுங்க. அதுல சரியாகலன்னா மாவட்ட நுகர்வோர் ஆணையம் இருக்கு, வாங்குன பொருள் 5 லட்சம் ரூபாய்க்குள்ளன்னா ஃபீஸ் கிடையாது. பில்லு, ஒரு லேபிள், பின்கோடு போட்டப்ப வந்த ஸ்கிரீன்ஷாட் மூணையும் தூக்கிப் போட்டுறாதீங்க. டிக்கெட் குடுங்கன்னு கேக்காதீங்க, அது கிடைக்காது. எங்கள ஏமாத்துற மாதிரி விளம்பரம் பண்ணி வித்தாங்கன்னு எழுதுங்க, அது தான் நிக்கும். பையன்கிட்டயும் உள்ளத சொல்லிருங்க, அவன் மேல தப்பு இல்லன்னு.

கேள்வி: பொருள் எதுவும் வாங்க வேண்டாத ஒரு கபடி மேட்ச் பாஸ் குலுக்கல்ல நானும் என் ஓரகத்தியும் தனித்தனியா பேர் குடுத்தோம். ஒரே வீடு, ஒரு என்ட்ரி தான்னு ரெண்டையும் தள்ளிட்டாங்க. எங்களுக்கு தனி சமையல், தனி ரேஷன் கார்டு, கதவு நம்பர் மட்டும் ஒண்ணு. இது சரியா சார்?

பதில்: வீட்டுக்கு ஒண்ணுங்கிற ரூல் நல்ல ரூல்மா. விம்பிள்டன் டென்னிஸ்ல 1924ல இருந்து பொதுமக்களுக்கு பெரும்பாலும் குலுக்கல்ல தான் டிக்கெட் தர்றாங்க, அங்கயும் வீட்டுக்கு ஒரு விண்ணப்பம் தான். இல்லன்னா ஆள்பலம் இருக்குற வீடே எல்லாத்தையும் அள்ளிட்டுப் போயிரும். ஆனா வீடுன்னா என்னன்னு முன்னாடியே சொல்லணும்ல? நம்ம ஊர்ல ஒரே கதவு நம்பர்ல மூணு அடுப்பு எரியும். ரெண்டு ரேஷன் கார்டையும் போட்டோ எடுத்து, கடைசி தேதிக்குள்ள எழுத்துல அனுப்பிக் கேளுங்க. அப்பவும் வீட்டுக்கு ஒண்ணு தான்னு சொன்னா ஒரு என்ட்ரியவாவது வச்சிருக்கணும், ரெண்டையும் தள்ளுனது எனக்கு சரியா படல.

கேள்வி: ரெண்டு கிரிக்கெட் டிக்கெட், மொத்தம் 6,000 ரூபா, ஜெயிச்சிருக்கீங்க, வரி 1,800 ஜிபே பண்ணுங்கன்னு போன் வருது. கட்டலாமா?

பதில்: கட்டவே கட்டாதீங்க. பரிசு 10,000 ரூபாயத் தாண்டுனா தான் 30 சதவீதம் வரி பிடிக்கணும். அப்படிப் பெரிய பரிசாவே இருந்தாலும் நிஜ கம்பெனி பான் நம்பர் வாங்கி எழுத்துல குடுக்கும், கட்டுன வரி வருமான வரித்துறையில உங்க பேர்ல இருக்குற வரிக் கணக்குல ஏறும், யாரோ ஒருத்தரோட சொந்த நம்பருக்கு அனுப்பச் சொல்லாது. ஏற்கனவே அனுப்பியிருந்தா இத படிச்சு முடிக்கிறதுக்கு முன்னாடி சைபர் மோசடி புகார் நம்பர் 1930க்கு போன் அடிங்க.